இது தெளிவா, அது தெளிவா?

மார்ச் 3

கிரேன்காரருக்கு,

நேற்று ஃபோனில் சமையலறைக் குழாயைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். வாஷர் தேய்ந்துவிட்டதா, குழாயையே மாற்ற வேண்டுமா என்று நீங்கள் துருவித் துருவிக் கேட்டதை யாராவது ஒட்டுக்கேட்டிருந்தால், நாம் இரண்டு பேரும் அந்தக் குழாயைத்தான் பெற்று வளர்க்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். பேச வேண்டியதைப் பேசவில்லை. அதைப் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் ஃபோனை வைத்துவிடுகிறோம். போன வாரம் நான் வைத்தேன், அதற்கு முந்தின வாரம் நீங்கள். அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். குழாய், மின்சாரம், உங்கள் அக்கா எல்லாம் ஃபோனில் இருக்கட்டும். பிள்ளை விஷயம் மட்டும் கடிதத்தில். கடிதத்தைக் கோபத்தில் வீசிவிட்டுப் போனாலும் திரும்பி வந்து மிச்சத்தைப் படிக்கலாம்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது தடவையும் கரு தங்கவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று நான் அழவில்லை. "ஏன் தங்கல? கருவுல கோளாறா, என் உடம்புலயா?" என்று கேட்டேன். கருப்பைக்குள் வைப்பதற்கு முன் எடுத்த கருவின் படத்தைக் கொடுங்கள், இன்னொரு தரம் பார்க்கிறேன் என்றேன். நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். வாசலில் தேடினேன், காணவில்லை. பஸ் பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரமே காற்றாலை வேலை என்று பெட்டியைக் கட்டிவிட்டீர்கள். எனக்கு நெஞ்சில் ஈரம் இல்லை என்று நினைக்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். எனக்குத் துக்கம் வந்தால் முதலில் கேள்விதான் வரும். அழுகையும் வரும், ஆனால் மெதுவாகத்தான் வந்து சேரும்.

நீங்கள் போன பிறகு டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். காரணம் தெரியவில்லை என்றார். அதை அவர் நேராகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. என் கருமுட்டையை வைத்தே இன்னொரு தடவை செய்யலாம், வாய்ப்பு குறைவு. வேறொரு பெண் தானமாகத் தரும் கருமுட்டையை வைத்துச் செய்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். தத்தெடுக்கலாம். இல்லை, இத்தோடு நிறுத்தலாம். "ரெண்டு பேரும் கலந்து பேசி, மே மாசம் முடியறதுக்குள்ள வாங்க. என்னைக் கேட்டு முடிவு பண்ணாதீங்க" என்றார்.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று நேராகக் கேட்டால் "உன் இஷ்டம்" என்பீர்கள். என் கடைக்குக் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடமும் அப்படிக் கேட்க முடியாது. எந்த பவர் வேண்டும் என்றால் பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு லென்ஸைப் போட்டு, எடுத்துவிட்டு, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்போம். இப்படி இரண்டிரண்டாகப் போய் அவரவர் கண்ணாடிக்கு வந்து சேர்வோம். உங்களையும் அப்படியே உட்காரவைக்கப் போகிறேன். ரொம்ப யோசிக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு தடவை ஊசி போட்டுப் பார்ப்பதா, இனி ஊசியே வேண்டாமா? பிள்ளைக்கு என் சாயல் வேண்டுமா, உங்கள் சாயல் மட்டும் போதுமா? நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடா, நம் சாயலே இல்லாத ஒரு பிள்ளை இருக்கிற வீடா?

இன்றைக்கு இது போதும்.

கண்ணாடிக்காரி


மார்ச் 12

கண்ணாடிக்காரிக்கு,

இங்கே ஒரு கூத்து. காற்று பலமாக வீசும் இடமாகப் பார்த்துத்தான் காற்றாலை வைக்கிறார்கள். காற்று பலமாக வீசினால் இறக்கையைத் தூக்க முடியாது. ஆகவே நாங்கள் எல்லோரும் காற்று நிற்பதற்காகக் காத்துக் கிடக்கிறோம். நான் மட்டும் கிரேன் அறையில் மேலே உட்கார்ந்து காத்துக் கிடக்கிறேன். காத்துக் கிடக்க எனக்குத் தனியாகப் பயிற்சி தேவையில்லை.

பதில்கள். ஊசி வேண்டாம். என் சாயல் போதும். பிள்ளை இருக்கிற வீடு.

நான் அன்று ஓடிப்போகவில்லை. மருத்துவமனைக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். நீ முன்வாசலில் தேடியிருக்கிறாய். நான் உள்ளே வந்து பார்த்தபோது நீ கிளம்பிவிட்டாய் என்று நர்ஸ் சொன்னாள். வீட்டுக்கு வந்தால் நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். அப்புறம் என்ன சொல்வது?

அந்தப் படத்தை எதற்கு வாங்கினாய்? எங்கே வைத்திருக்கிறாய்?

குழாய்க்கு வாஷர் மட்டும் போதும். குழாய்க்காரனிடம் ஏமாந்துவிடாதே.


மார்ச் 19

கிரேன்காரருக்கு,

குழாய் ஃபோனில். சட்டம் சட்டம்தான்.

படம் என் மேஜை இழுப்பறையில் உடைந்த ஃபிரேம்களோடு இருக்கிறது. எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். வட்டமாக, ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் மேடு தட்டி, பார்க்க அவ்வளவு அழகு. நன்றாக இருக்கிறது என்றுதான் அவர்களும் சொன்னார்கள். நன்றாக இருந்தது ஏன் நிற்கவில்லை? யாருக்கும் தெரியாது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. நீங்கள் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. ஊருக்கு வரும்போது காட்டுகிறேன், பயப்படாமல் பாருங்கள்.

உங்கள் அக்கா வந்திருந்தார். ஃபோனில் சொல்ல வேண்டிய ஆள்தான், ஆனால் பேசியது இந்த விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறேன். வேறொரு டாக்டரைச் சொன்னார். "ரொம்ப கைராசிக்காரராம். என் சிநேகிதியோட மருமகளுக்கு ரெட்டையா குடுத்துட்டாரு" என்றார். "அவருக்கு எத்தனை பிள்ளைங்க அண்ணி?" என்று கேட்டேன். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு என்ன நினைத்தாரோ, பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, "என் தம்பி உன்கிட்ட எதையாவது வாய் விட்டுக் கேட்டிருக்கானா?" என்றார். இல்லை என்றேன். "என்கிட்டயும் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நான் கேட்கிறேன். கேட்டதையே கேட்கிறாளே என்று கோபிக்காதீர்கள். கடையிலும் ஒரே லென்ஸை இரண்டு தரம் போட்டுப் பார்ப்போம். இனி ஊசியே வேண்டாமா, இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பதா? உங்கள் சாயல் மட்டும் போதுமா, என் சாயல் வேண்டுமா? நம் சாயல் இல்லாத பிள்ளை இருக்கிற வீடா, நாம் இரண்டு பேர் மட்டுமா?

கண்ணாடிக்காரி


மார்ச் 27

இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம். உன் சாயல் வேண்டும். இரண்டு பேர் மட்டும் என்றாலும் எனக்குச் சரி.

இன்று காற்று குறைந்தது. ஒரு இறக்கையை ஏற்றிவிட்டோம். கழுத்து பிடித்துக்கொண்டது.


ஏப்ரல் 2

கிரேன்காரருக்கு,

இரண்டு கடிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லலாம், ஆனால் அவை என்னிடம் இருக்கின்றன. நானே சொல்கிறேன். முதலில் ஊசி வேண்டாம் என்றீர்கள், இப்போது வேண்டும். முதலில் உங்கள் சாயல் போதும், இப்போது என் சாயல். முதலில் பிள்ளை, இப்போது நாம் மட்டும். இடையில் ஞானோதயம் ஒன்றும் வரவில்லை. இரண்டு தடவையும் நான் எதைக் கடைசியாகக் கேட்டேனோ அதைச் சொல்லியிருக்கிறீர்கள்.

இப்படிப்பட்டவர்கள் கடைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். அவர்கள் சுவரில் மாட்டிய எழுத்தைப் பார்ப்பதே இல்லை. என் குரலைக் கேட்டு, இந்த அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று யூகித்துச் சொல்கிறார்கள். நல்ல மனிதர்கள். கண்ணாடியை வாங்கிக்கொண்டு போய், ஒரு வாரத்தில் தலைவலி என்று திரும்பி வருவார்கள். சின்னப் பிள்ளைகளிடம் இந்தத் தொல்லை இல்லை. நேற்று ஒரு பெண் வந்தாள், முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. இது தெளிவா, அது தெளிவா என்றேன். "ரெண்டும் நல்லால்ல. அந்தப் பெட்டியில இன்னும் நிறைய இருக்குல்ல, அதையெல்லாம் ஏன் போட மாட்டேங்கறீங்க?" என்றாள். அவள் அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எனக்கு அவளை விடவே மனசில்லை.

நீங்கள் ஏன் என் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? நீங்கள் எதைச் சொன்னால் நான் உடைந்துவிடுவேன் என்று நினைக்கிறீர்கள்? இது நிஜமாகவே தெரியாமல் கேட்கிற கேள்வி. கேலி இல்லை.

கண்ணாடிக்காரி


ஏப்ரல் 14

நான் உன் கடை நாற்காலியில் உட்காரவில்லை. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தாகிவிட்டது, இது மூன்றாவது. ஃபோனில் நீ கழுத்துவலி எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம், இவளுக்கு என்னமோ தெரிந்துவிட்டது என்று பேச்சை மாற்றிவிடுகிறேன்.

ஊசி போட்டவன் நான். மூன்று தடவையும், உன் வயிற்றில், தினமும். நர்ஸ் காட்டிக் கொடுத்தபடி சதையைக் கிள்ளிப் பிடித்துக் குத்த வேண்டும். நீ அந்த நேரம் பார்த்து டிவி விளம்பரத்துக்குச் சிரிப்பாய், எனக்குத் தைரியம் வரட்டும் என்று. எனக்கு எங்கிருந்து வரும்? நீலம் கட்டிப்போன இடங்களுக்கு நடுவில் நீலம் கட்டாத இடமாகத் தேடிக் குத்தியவன் நான். அன்று தங்கவில்லை என்று டாக்டர் சொன்னார். நீ ஏன் என்று கேட்டாய். இவள் அடுத்த தடவைக்குத் தயாராகிவிட்டாள், நான் மறுபடி குத்த வேண்டும் என்றுதான் எனக்கு உறைத்தது. அதற்கு மேல் அந்த அறையில் இருக்க முடியவில்லை.

இப்போது நேராகச் சொல்கிறேன். எனக்குக் குழந்தை வேண்டும். கைக்குழந்தை. எனக்கு ஆசை இல்லை என்று உன்னிடம் யார் சொன்னது? அன்றாடம் இருக்கிறது, பசி மாதிரி. ஆனால் உன்னைக் குத்தாமல் அது எனக்குக் கிடைக்காது. இரண்டையும் வைத்துக்கொண்டு முழிக்கிறவனிடம் வந்து இதுவா அதுவா என்றால், கடைசியாகக் காதில் விழுந்ததைத்தான் சொல்வான்.

நீ நிறையக் கேட்டுவிட்டாய். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளை என்று நினைத்தால் உன் கண்ணுக்கு என்ன அளவில் தெரிகிறது? எனக்குத் தெரிவது துணியில் சுற்றி, என் முழங்கை நீளத்துக்கு. உனக்கு?


ஏப்ரல் 21

என் கிரேன்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையைப் பாதி நாள் மூடினேன். அழுகை வந்து சேர்ந்தது. நன்றாக அழுதேன். உங்கள் கைக்காகத்தான் முதலில் அழுதேன். நான் சிரித்தது உங்களுக்கு உதவும் என்று நினைத்தேனே, என்ன புத்தி இது.

பிறகு உங்கள் கேள்வி. பதில் உடனே வந்துவிட்டது, அதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சமையல் மேடைக்கு மேலே தலை மட்டும் தெரிகிற உயரம். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, அது சரிதான் என்று சாதிக்கிற வயது. என்னிடம் ஏன் ஏன் என்று கேட்டு உயிரை வாங்குகிறது. நான் எத்தனை முறை கண்ணை மூடிப் பார்த்தாலும் துணியில் சுற்றிய குழந்தை வரவே மாட்டேன் என்கிறது. வரவழைத்துப் பார்த்தேன். பொம்மை மாதிரி கிடக்கிறது.

அப்படியானால் இத்தனை ஊசியும் எதற்குப் போட்டுக்கொண்டேன் என்று கேட்பீர்கள். நானே கேட்டுக்கொண்டேன். பெரிய பிள்ளை வேண்டுமென்றால் முதலில் சின்னப் பிள்ளையாகத்தான் வர வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். வேறு வழி கண்ணிலேயே படவில்லை. ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவள்! நீங்கள் சிரிக்கலாம், அனுமதி உண்டு.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். தத்து கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். கேட்டுக்கொள்ளத்தான் போனேன், எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அங்கே ஒரு அதிகாரி அம்மா. எந்த வயதுப் பிள்ளை என்று கேட்டார். நீங்களே சொல்லுங்கள் என்றேன். "கைக்குழந்தைன்னா வரிசை நீளம்மா, வருஷக்கணக்காகும். அஞ்சாறு வயசுன்னா கேக்குறவங்களே இல்ல. காப்பகத்துக்கு யாராவது வந்தா பிள்ளைங்க முதல்ல ஓடி வந்து பாக்கும். வயசு ஏறினா ஓடி வர்றதை நிறுத்திடுதுங்க" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், தினமும் சொல்வார் போல.

லேசான காரியம் இல்லை என்றும் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு நாம் இல்லாத ஒரு காலம் ஞாபகம் இருக்கும். இராத்திரியில் வேறு யாரையோ கூப்பிடலாம். நம்மைப் பிடிக்காமலும் போகலாம். வீட்டுக்கு வந்து பார்ப்பார்களாம், நம்மிடம் தனித்தனியாகப் பேசுவார்களாம். ஒருவருக்காக இன்னொருவர் தலையாட்டினால் பேச்சிலேயே தெரிந்துவிடுமாம். உங்களை நினைத்துக்கொண்டேன்.

இப்போது கவனமாகப் படியுங்கள். உங்களுக்குக் கைக்குழந்தை வேண்டும் என்பது சின்ன விஷயம் இல்லை. அதற்காகத் தானமாக வரும் கருமுட்டையை வைத்து இன்னொரு தடவை செய்துகொள்ள நான் தயார். ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன், நர்ஸிடம் கேட்டுவிட்டேன், முடியுமாம். நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள். இதைப் பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு எது தெளிவாகத் தெரிகிறது என்றால், மேடைக்கு மேலே தெரிகிற அந்தத் தலைதான். நீங்கள் ஒன்று பார்க்கிறீர்கள், நான் ஒன்று பார்க்கிறேன். இரண்டையும் ஒரு வீட்டில் எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். எவ்வளவு நாள் ஆனாலும் சரி. கைக்குழந்தைதான் என்றால் கைக்குழந்தைதான். சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், அதை என்னால் தாங்க முடியாது.

கண்ணாடிக்காரி


மே 9

என் கண்ணாடிக்காரிக்கு,

இரண்டு வாரமாக ஃபோனில் நீ ஒரு வார்த்தை இதைப் பற்றிக் கேட்கவில்லை. நீ கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

காற்று விடவில்லை. மேலே உட்கார்ந்து நிறைய யோசித்தேன். முதலில் என் கைக்குழந்தையைத்தான் பார்த்தேன், வழக்கம்போல. மருத்துவமனைப் படியில் நான் அதை ஏந்திக்கொண்டு இறங்குகிறேன். அக்கா நிற்கிறாள், என் கூட வேலை செய்கிறவர்கள் நிற்கிறார்கள், நீயும் நிற்கிறாய். இந்தத் தடவை அவசரப்படாமல் பார்த்தேன், நீ சொல்கிற மாதிரி. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அவர்கள் முகத்தையே பார்க்கிறேன். கையில் இருக்கிறதை யாரும் பார்க்கவில்லை. படி முடிந்ததும் படமும் முடிந்துவிடுகிறது. அடுத்த நாள் அந்தக் குழந்தை என்ன செய்கிறது என்று இத்தனை வருடத்தில் நான் ஒரு தரமும் நினைத்ததில்லை.

அதற்காக ஆசை போய்விட்டது என்று நினைக்காதே. போகவில்லை. அந்த முழங்கை நீளக் குழந்தைக்காக ஒரு தரம் உட்கார்ந்து அழுதேன். இன்னும் அழ வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்போது நீ பக்கத்தில் இரு, கேள்வி கேட்டாலும் பரவாயில்லை.

பிறகு உன்னுடையதைப் பார்க்க உட்கார்ந்தேன். முகம் வரவில்லை. குரல்தான் வந்தது. "இவ்வளவு பெரிய இறக்கையைத் தூக்குறப்போ இது ஏன் கவுந்து விழல?" என்றது. நல்ல கேள்வி. கிரேனுக்குப் பின்பக்கம் எடைக்கட்டி இருக்கிறது, அது எவ்வளவு பாரம், கிரேனின் கை நீள நீள என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டது. அதற்கும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போல. வாக்கிடாக்கி பொத்தான் என் முழங்கைக்கு அடியில் அமுங்கிக் கிடந்திருக்கிறது. கீழே சைகை காட்டுகிற ஆள் அண்ணாந்து பார்த்து, "அண்ணே, யாருக்கு பாடம் எடுக்கறீங்க?" என்றான். மொத்தக் கூட்டமும் கேட்டிருக்கிறது. காது வரைக்கும் சூடாகிப்போனது. "என் பிள்ளைக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

யாரும் என் பதிலுக்காக அங்கே காத்திருக்கவில்லை. நீயும் பக்கத்தில் இல்லை. உன் குரலைக் கேட்டுச் சொன்னது இல்லை இது. இதற்கு மேல் எனக்குச் சோதனை வேண்டாம்.

டாக்டரிடம் நானே பேசிவிட்டேன், இனி சிகிச்சைக்கு வரமாட்டோம் என்று. நல்லது என்றார், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். இருபதாம் தேதி லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த அதிகாரி அம்மாவைப் பார்க்க இரண்டு பேருமாகப் போவோம். ஆறு வயதானாலும் சரி, எட்டு வயதானாலும் சரி. நம்மைப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கிற வரைக்கும் இருப்போம். அக்காவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், இந்தத் தடவை வாய் விட்டு.

ஆனால் ஒன்று. இத்தனை நாள் நாம் காத்திருந்தது இல்லாத ஒருவருக்காக. இந்தப் பிள்ளை அப்படி இல்லை. ஏற்கெனவே பிறந்து, நடந்து, பேசி, இப்போது நான் எழுதுகிற இந்த நேரத்தில் எங்கேயோ இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தேன், பாதியில் எழுந்துவிட்டேன். அது சாப்பிட்டிருக்குமா?